சீட்டில் வராத தட்டம்மை

ஆசிரியருக்கு வணக்கம். பழைய லண்டனின் நோய்க் கணக்கு பற்றிய கட்டுரை அருமை. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

லண்டனில் 1889 தொற்றுநோய் அறிவிப்புச் சட்டப்படி பெரியம்மை, தொண்டை அடைப்பான், டைபாய்டு போன்றவற்றைக் கண்டால் மருத்துவர் உடனே வட்டார சுகாதார அதிகாரிக்குத் தகவல் சீட்டு அனுப்ப வேண்டியிருந்தது. மருத்துவரிடம் தனியாக வைத்தியத்துக்கு வந்தவர் என்றால் மருத்துவருக்குச் சீட்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணம்! அந்தப் பட்டியலில் தட்டம்மையும் கக்குவான் இருமலும் இல்லை. குழந்தைகளை வாரிக்கொண்டு போனவை இவைதான். அதனால் 1900களின் வட்டார ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பெரும்பாலும் இறப்பு அட்டவணையில் தட்டம்மைக்கு எண் இருக்கும். நோயாளிகள் அட்டவணையில் அதற்கு வரியே இருக்காது. எந்தத் தெருவில் பரவுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தகவலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

நுரையீரல் காசநோயை எல்லா மருத்துவர்களும் தெரிவிக்க வேண்டும் என்றானது 1912இல்தான். அதுவரை அதிலும் செத்தவர் கணக்கு மட்டுமே முழுசு.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வேறு வட்டாரத்துக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால், அந்தச் சாவை அவர் குடியிருந்த வட்டாரத்தின் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி இருந்த பாவத்துக்கு அந்த வட்டாரத்தின் தலையில் கட்டவில்லை.

— வாசகர், திருச்சி