மன்னிப்பு கேட்டாச்சு, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினிமாக்காரர் யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் மறுநாளே 'மன்னிப்பு கேட்பாரா?' என்று உங்கள் பத்திரிகையிலும் மற்றவற்றிலும் தலைப்பு வருகிறது. கேட்டுவிட்டால் 'கேட்டார்' என்று இன்னொரு தலைப்பு, அதோடு கதை முடிந்தது. அந்தச் சண்டையில் யாருக்கு வேலை போனது, யார் வழக்கம்போல் ஷூட்டிங் போனார் என்று ஒரு வருஷம் கழித்து யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2025 மே மாதம் சென்னையில் நடந்த 'தக் லைஃப்' பாட்டு வெளியீட்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னட நடிகர் சிவராஜ்குமாரை எதிரில் வைத்துக்கொண்டு, உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று கமல் பேசினார். கர்நாடகம் கொதித்தது, மன்னிப்பு கேட்காமல் படம் வெளிவராது என்றது அங்குள்ள திரைப்பட வர்த்தக சபை, ஒரு மன்னிப்பு கேட்டால் முடிந்துவிடுமே என்று அங்குள்ள உயர் நீதிமன்றமும் கேட்டது. கமல் கேட்கவில்லை. ஜூன் 5 அன்று கர்நாடகத்தைத் தவிர எல்லா இடத்திலும் படம் வந்தது, நான் இருக்கும் ஒசூருக்கு பெங்களூரிலிருந்து வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். கும்பலின் மிரட்டலுக்காகப் படத்தை நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. நாமும் கைதட்டினோம். சரிதான், நானும் தட்டினேன்.

ஆனால் அதே விழாவில் இன்னொன்றும் நடந்தது. படத்தில் பாடகி தீ பாடிய 'முத்த மழை' பாட்டை, அவர் வர முடியாததால் சின்மயி மேடையில் பாடினார். தெலுங்கிலும் இந்தியிலும் அந்தப் பாட்டு சின்மயி குரலில்தான் பதிவாகியிருக்கிறது, தமிழில் மட்டும் இல்லை. இவ்வளவு நல்ல குரலை ஏன் ஒதுக்கி வைத்தோம் என்று ஊரே திடீரென்று கேட்டது. ஏனென்று தெரியாதா என்ன? 2018 அக்டோபரில் வைரமுத்து மீது சின்மயி பாலியல் புகார் சொன்னார், வைரமுத்து மறுத்தார். சின்மயி நடிகைகளுக்குக் குரலும் கொடுப்பவர், அடுத்த மாதமே அவரை டப்பிங் யூனியனிலிருந்து நீக்கினார்கள், சந்தா கட்டவில்லையாம். 2023-ல் 'லியோ' படத்தில் திரிஷாவுக்கு அவரைப் பேச வைக்க லோகேஷ் கனகராஜ் துணிந்தார் என்பதே பெரிய செய்தியானது.

'கேன்சல் கல்ச்சர் (ஏதாவது சொன்னால் ஆளையே ஒதுக்கிவைக்கும் பழக்கம்) வந்து கலைஞர்களைக் கொல்கிறது' என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இங்கே உண்மையில் கேன்சல் ஆனது யார்? புகார் நிரூபணமாகவில்லையே என்பார்கள். நியாயம், நிரூபணமாகாமல் ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. அந்த நியாயம் சின்மயிக்கு மட்டும் ஏன் செல்லவில்லை? அவர் பொய் சொன்னார் என்றும் யாரும் நிரூபிக்கவில்லையே, மைக் மட்டும் எப்படிப் போனது? வைரமுத்து தொடர்ந்து பாட்டு எழுதினார். 2021-ல் மலையாளக் கவிஞர் ஓ.என்.வி. பெயரிலான விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது கேரளத்தில் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அவரே அதை வேண்டாமென்றார். அதுவும் நம் ஊர் விருது இல்லை.

அந்த டப்பிங் யூனியனுக்கு அப்போது தலைவர் நடிகர் ராதாரவி. 2019 மார்ச்சில் ஒரு பட விழாவில் நயன்தாராவைப் பற்றிக் கேவலமாகப் பேசினார், பேசும்போது அரங்கம் சிரித்தது, வீடியோவில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தி.மு.க. அவரை இடைநீக்கம் செய்தது. வருஷம் முடிவதற்குள் பா.ஜ.க.வில் சேர்ந்தார். யூனியன் நாற்காலி அசையவே இல்லை. சிரித்தவர்கள் யாரும் மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை, யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை.

மன்சூர் அலிகான் விஷயம் இன்னும் வேடிக்கை. 2023 நவம்பரில் திரிஷாவைப் பற்றி அவர் பேசியதற்கு நடிகர் சங்கம் உடனே பாய்ந்தது, மகளிர் ஆணையம் தலையிட்டது, போலீஸ் வழக்குப் போட்டது. பாய்ந்தது சரிதான். ஆனால் அந்த வேகம் ஆளைப் பார்த்து வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய படத்தின் கதாநாயகிக்கு வருகிறது, குரல் கொடுப்பவருக்கு வருவதில்லை. சரி, மன்சூரும் மன்னிப்பு கேட்டார், திரிஷாவும் பெருந்தன்மையாக மன்னித்தார். அப்புறம் இவர் என்ன செய்தார்? திரிஷா, குஷ்பு, சிரஞ்சீவி மூன்று பேர் மீதும் ஆளுக்கு ஒரு கோடி கேட்டு மானநஷ்ட வழக்குப் போட அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனார்! தனி நீதிபதி ஒரு லட்சம் அபராதம் போட்டுத் தள்ளுபடி செய்தார். மன்னிப்பு என்பது நம் ஊரில் அன்றைய டிவி விவாதத்தை முடிக்க ஒரு ரசீது, அவ்வளவுதான்.

படம் வெளியாகவும் அதே ரசீதுதான். 'குசேலன்' வருவதற்கு முன்னால் 2008-ல் ரஜினி கர்நாடகத்திடம் வருத்தம் தெரிவித்தார், நம்மவர்கள் கோபப்பட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய காவிரிப் பேச்சுக்காக 2017-ல் 'பாகுபலி 2' வருவதற்குச் சில நாள் முன்பு சத்யராஜ் வருத்தம் தெரிவித்தார். அதில் யார் மனசு மாறியது? தியேட்டர்தான் திறந்தது.

கன்னடர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி குஷ்பு ஒரு பத்திரிகையில் கருத்து சொன்னதற்குத் துடைப்பமும் செருப்பும் தூக்கியது நாம்தான். கண்ணீரோடு மன்னிப்பு கேட்க வைத்தோம், கேட்ட பிறகும் ஊர் ஊராக இருபதுக்கு மேல் வழக்குகள் நடந்தன. 2010-ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. துடைப்பம் தூக்கிய கட்சிக்காரர் ஒருவராவது வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. (அதே குஷ்பு 2023-ல் 'சேரி மொழி' என்று எழுதிவிட்டு, பிரெஞ்சில் அதற்கு அன்பு என்று பொருள் என்று விளக்கம் சொன்னதையும் பார்த்தோம். அடிபட்டவர்கள் எல்லோரும் பாடம் படித்துவிடுவதில்லை.)

மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை கேரளத்தில் வந்த பிறகு, 2024 செப்டம்பரில் நம் நடிகர் சங்கமும் தீர்மானம் போட்டது. தவறு செய்தவருக்கு ஐந்து வருஷம் தடை, பாதிக்கப்பட்டவர்கள் முதலில் கமிட்டிக்கு வர வேண்டும், மீடியாவில் பேச வேண்டாம் என்றார்கள். வெளியே பேசிய சின்மயிக்கு நடந்ததைப் பார்த்த பெண், உள்ளே போய் மட்டும் எந்தத் தைரியத்தில் பேசுவாள்?

உங்கள் சினிமா நிருபரிடம் ஒரு வேலை கொடுங்கள். அந்தக் கமிட்டிக்கு இதுவரை எத்தனை புகார் வந்தது, யாருக்காவது அந்த ஐந்து வருஷத் தடை விழுந்ததா, புகார் கொடுத்தவர்களுக்கு இப்போது வேலை இருக்கிறதா என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒசூர்