செம்பூரில் எங்களைக் குடியமர்த்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி மும்பைக்கு வந்து, செம்பூரில் குடியேறியிருக்கும் எங்கள் குடும்பத்துக்குக் கேட்டும் கேட்காமலும் உதவிய அனைவருக்கும் இம்மடல் வழியாக நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். பெயரெல்லாம் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால் முறை சொல்லியே எழுதுகிறோம். யாரைக் குறிக்கிறோம் என்பது உங்களுக்கே விளங்கும்.

முதல் நன்றி மாட்டுங்கா மாமாவுக்கும் மாமிக்கும். அலுவலக நண்பர் ஒருவரின் தூரத்து உறவு என்பதைத் தவிர அவர்களுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இருந்தும், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய எங்களை, வீடு அமையும்வரை தங்களுடைய ஒற்றைப் படுக்கையறை வீட்டின் கூடத்தில் தங்கவைத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் பணம் கொடுத்து உதவுவதைவிட இடம் கொடுத்து உதவுவது பெரிது என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மாமாவின் உதவி அதோடு நிற்கவில்லை. பார்க்கப் போன வீட்டுக்கெல்லாம் கூடவே வந்தார். தரகர் சொல்லும் சதுர அடியைக் காதில் வாங்காமல், தரையில் பதித்திருக்கும் இரண்டடிச் சதுர டைல்ஸை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணிப் பெருக்கி, புழங்கும் இடம் எவ்வளவு என்று எங்களிடம் தமிழில் சொல்லிவிட்டு, தரகரிடம் இந்தியில் வாடகையைக் குறைத்துப் பேசத் தொடங்குவார். மேற்குப் பக்கச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த வீடு வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. ஜூனில் பிடிக்கும் மழை அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து அடிக்கும் என்பதையும், ஓதம் ஏறிய சுவரை மறைக்கத்தான் அந்தப் பூச்சு என்பதையும் நாங்களாக எங்கே கண்டுபிடித்திருக்கப் போகிறோம்! ஒரு சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கம் நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்பில், நாங்கள் மீன் சமைப்பவர்கள் என்று தெரிந்ததும் வீடு இல்லை என்று கைவிரித்தபோது, வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத மாமிதான் எங்களைவிட அதிகமாகக் கோபப்பட்டார்.

அலுவலகக் கிளையில் உடன் பணிபுரியும் அண்ணன் ஒருவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ‘ஹெவி டெபாசிட்’ என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. பல லட்சங்களை மொத்தமாக முன்பணம் கட்டிவிட்டால் மாத வாடகை மிகக் குறையும், சில வீடுகளில் வாடகையே இராது. ஊரில் இருக்கும் நகையை அடகு வைத்தாவது அப்படி ஒரு வீட்டைப் பிடித்துவிடலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடகு வட்டியையும் வாடகையையும் ஒரே தாளில் எழுதிக்காட்டி, அவ்வளவு பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்ட உரிமையாளர் காலி செய்யும் நாளில் எங்கிருந்து திருப்பித் தருவார் என்றும் கேட்டு, எங்கள் யோசனையை மாற்றியவர் அவர்.

தரகர்களைப் பற்றி நல்லதாகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் எங்களுக்கு வாய்த்த தரகர், நாங்கள் விரும்பிய பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் போகவிருக்கிறது, ஓராண்டுக்குள் எல்லோரையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று தாமாகவே எச்சரித்து, தமக்கு வரவேண்டிய ஒரு மாத வாடகைத் தரகை விட்டுக்கொடுத்தார். பிறகு வேறு வீட்டைக் காட்டி அதே தரகை எங்களிடம் வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், மனமுவந்தே கொடுத்தோம்.

அந்த வீட்டின் உரிமையாளர், பிரிவினைக்குப் பிறகு செம்பூர் அகதிகள் முகாமில் வந்து தங்கிய சிந்திக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி. முன்பணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அவர் இசைந்திராவிட்டால் இந்த வீடு எங்களுக்கு எட்டியிராது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது கட்டாயம், பதிவு செய்யும் பொறுப்பும் உரிமையாளருடையதே. ஊரில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்திட்டே பழகிய எங்களை உட்காரவைத்து, ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று இங்கே சொல்லப்படும் 11 மாத வாடகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் படித்துக்காட்டச் செய்து, அதன் பிறகே கைரேகை வைக்கச் சொன்னார்.

எதிர்வீட்டு மராத்தியக் காகூவுக்கு (மராத்தியில் சித்தி முறை) எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாமான் இறங்கிய அன்று தேநீரும் போஹா எனும் அவல் உப்புமாவும் கொடுத்தனுப்பியவர், மறுநாளே குழாயில் தண்ணீர் வரும் நேரம், குப்பை எடுக்க ஆள் வரும் நேரம், வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கலாம் என்பவற்றையெல்லாம் கையோடு சொல்லிக்கொடுத்தார். மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம் என்பதால், ஒரு எழுத்தும் அறியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த எங்கள் மகளுக்கு, கல்லூரியில் படிக்கும் காகூவின் மகள் மாலைதோறும் பாடம் சொல்லித் தருகிறாள். பணம் வாங்க மறுக்கிறாள். முறுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

சொசைட்டிச் செயலாளருக்கும், காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரம் பதிய உதவிய காவலாளிக்கும், ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் கூட்டத்துக்குள் ஏறவும் இறங்கவும் பழக்கிவிட்ட ரயில் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

வரும் தைப்பொங்கலன்று நீங்கள் அனைவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். கூடம் சிறியது என்பதால் இரண்டு பந்தியாகத்தான் பரிமாற முடியும். மாட்டுங்காவிலிருந்து வருபவர்கள் முதல் பந்திக்கு வந்துவிடவும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மூன்றாம் மாடிக் குடும்பத்தார்,
செம்பூர், மும்பை