பாட்டை எண்ணி மார்க் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மாலை ஒரு தனியார் தொலைக்காட்சியில் ‘ஜெமினி கணேசனின் மிகச் சிறந்த படம் எது?’ என்று பழைய பட ரசிகர்களை உட்கார வைத்து ஒரு விவாதம் நடத்தினார்கள். உங்கள் சினிமாப் பக்கத்தில் அதை ‘அருமையான அலசல்’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் அந்த நிகழ்ச்சியை நிறையப் பேர் பார்த்தோம். சில வீடுகளில் டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பார்த்தார்கள். அங்கே மேடையில் பேசியதைவிட இங்கே வாசலில் பேசியதில் விஷயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் இடம் கல்யாணப் பரிசுக்கு. அடுத்து தேன் நிலவு, அப்புறம் கொஞ்சும் சலங்கை. சரி, மூன்றுமே பார்க்கத் தக்க படங்கள்தான். ஆனால் தேர்ந்தெடுத்த விதம்தான் இடித்தது. பேசியவர்களில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு பல்லவியைப் பாடிக் காட்டிவிட்டு, “இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கைதட்டல் எந்தப் பாட்டுக்கு அதிகமோ அந்தப் படம் மேலே ஏறிவிட்டது.

கல்யாணப் பரிசுக்கும் தேன் நிலவுக்கும் இசை ஏ.எம்.ராஜா; ஜெமினிக்குக் குரலும் அவர்தான். பிறகு அந்த இடத்துக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் வந்தார். கொஞ்சும் சலங்கையில் எல்லோரும் தலையாட்டுகிற அந்தப் பாட்டில் குரல் எஸ்.ஜானகி, நாதசுரம் காருகுறிச்சி அருணாசலம். ஜெமினி வாயில் வைத்திருந்தார், அவ்வளவுதான்! அதை அழகாக வைத்திருந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு நடிகரின் சிறந்த படத்தைப் பாடகர்களின் கணக்கை வைத்து முடிவு செய்வது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. வஞ்சிக்கோட்டை வாலிபனைப் பாருங்கள். படத்தின் நாயகன் அவர். நமக்கு நினைவிருப்பதோ பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனமும், நடுவில் பி.எஸ்.வீரப்பா சொன்ன ஒரு வரி வசனமும்.

இன்னொரு கூத்து, பாசமலரையும் பாவ மன்னிப்பையும் ‘அது சிவாஜி படம்’ என்று ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. பாசமலரில் அண்ணன் அத்தனை ஆக்ரோஷமாக நிற்க முடிகிறது என்றால், எதிரே தொழிலாளர் பக்கம் நின்று விட்டுக்கொடுக்காமல் பேச ஓர் ஆள் இருப்பதால்தான். ஜெமினி நடித்த அந்த ஆனந்தனை எடுத்துவிட்டால் படத்தில் சண்டை எங்கே?

ஜெமினியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கதாநாயகர்கள் எதையும் சரி செய்துவிடுவார்கள். வாளால் செய்வார்கள், இல்லையென்றால் வசனத்தால் செய்வார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டு, பிறகு ஆயுசுக்கும் தவிக்கிற மனிதனாக நடிக்க அவர் ஒருவர்தான் கூச்சப்படவில்லை. கல்யாணப் பரிசு பாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைக் காதலிக்கிறான், அக்காவைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் குழந்தையைத் தங்கையிடம் கொடுக்க வந்து சேரும்போது அவள் கழுத்தில் வேறொருவர் தாலி ஏறி முடிந்திருக்கிறது. பாட்டை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு அந்தக் கடைசிக் காட்சிக்காக முதல் பரிசு கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் மேடையில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மன்னார் அண்ட் கம்பெனி என்று தங்கவேலு அளந்துவிட்டதைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

என் ஓட்டு இரு கோடுகளுக்கு. 1969-இல் கே.பாலசந்தர் எடுத்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. கலெக்டர் ஆபீசில் ஜெமினி ஒரு குமாஸ்தா. புதிதாக வருகிற கலெக்டர், பிரிந்துபோன அவருடைய முதல் மனைவி சௌகார் ஜானகி. வீட்டிலோ இரண்டாவது மனைவி ஜெயந்தி. அவருக்குப் பழைய கதை தெரியாது, சந்தேகம் மட்டும் வளர்கிறது. இந்த மனிதர் எங்கே போய்ச் சத்தம் போடுவார்? ஆபீசில் அதிகாரி, வீட்டில் கண்ணீர். முழுப் படத்திலும் அவர் குரல் ஒருபடி இறங்கியே இருக்கும். ருக்மணியா பாமாவா என்று இரண்டு பெண்களும் போட்டி போட்டுப் பாடுகிறார்களே, சுசீலாவும் ஜமுனாராணியும் பாடியது, அதில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. காதல் மன்னன் என்று பட்டம் வாங்கிய ஜெமினியின் படத்தில் எல்லோரும் கொண்டாடும் பாட்டு, அதில் காதல் மன்னனுக்கே வாய் இல்லை! அந்தப் பாட்டைப் பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். மற்ற இரண்டு பேருக்கும் ஈடு கொடுப்பவர்தான் சௌகார் ஜானகி. ஆனால் அவர் உயர்ந்து தெரிவதற்குப் பக்கத்தில் ஒருவர் சின்னதாக நிற்கச் சம்மதிக்க வேண்டுமே. அந்தக் காலத்தில் எந்த ஹீரோ சம்மதிப்பார்?

இதை நான் சொன்னதும் தெருவில் எதிர்ப்பு. எங்கள் பகுதியில் பெரும்பாலானவர்களின் ஓட்டு சுமைதாங்கிக்கு. காரணம் லேசாகப் புரியும். படத்தின் கடைசியில் நாயகன் பாதிரியாராகிவிடுகிறான். பிள்ளைகளில் ஒருவனைச் சாமியாருக்குப் படிக்க அனுப்புகிற குடும்பங்கள் இந்தக் கடற்கரையில் எத்தனையோ உண்டு. அங்கியோடு ஜெமினி வந்து நின்றால் அவர்களுக்கு அது சினிமா இல்லை. ‘மயக்கமா கலக்கமா’ கேட்டுத் தெம்பு வந்தது என்று கவிஞர் வாலியே சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் சாட்சி சொன்னார். (மறுபடி பாட்டு!) அதற்கு வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அக்கா, கையை நிறுத்தாமலே, “மனசு நொந்தவன் எல்லாம் சாமியாராப் போயிட்டா, நொந்து வர்றவங்களுக்கு ஆறுதல் சொல்றது யாரு?” என்று ஒரு போடு போட்டார். இதைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை, உங்களுடையது உட்பட.

மிஸ்ஸியம்மா பேரை விவாதத்தில் ஒரே ஒருவர்தான் எடுத்தார், அதையும் விளம்பர இடைவேளை விழுங்கிவிட்டது. 1974-இல் அவரே தயாரித்து, வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டி நடித்த நான் அவனில்லை பேச்சிலேயே வரவில்லை. காதல் மன்னன் என்ற பட்டத்தை அவரே கேலி செய்துகொண்ட படம் அது. ‘நல்லவர், சாம்பார்’ என்று அவரை ஒதுக்குகிறவர்கள் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இவர்மேல் என்ன இத்தனை ஒட்டுதல் என்று நீங்கள் கேட்கலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனபோது ஜெமினியும் சாவித்திரியும் ராமேசுவரத்தில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் ராமேசுவரம் தீவில் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆளுக்கு ஓர் இடம் சொல்வார்கள். எல்லாம் நிஜமென்றால் அந்த இரண்டு பேரும் மழையிலும் காற்றிலும் தீவு முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும்! ஆனால் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை, நானும் பேச மாட்டேன்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. விவாதம் நடத்துங்கள், நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் பேசப்போகும் படங்களை முழுசாக ஒரு தடவை போடுங்கள். பாட்டை விட்டுவைத்து வசனத்தை நறுக்குகிற வேலை வேண்டாம். நடுராத்திரியிலும் வேண்டாம், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும், பார்க்க ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். கடைசி நாளில் போட்டுப் பிரயோசனமில்லை. அன்றைக்கு எல்லோரும் ஐஸ் ஏற்றப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய படப் பிரியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.