செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மரண உதவிச் சங்கம் இவ்வாண்டும் மாதந்தோறும் கோயில் மண்டபத்தில் கூடியது. இரவல் போன கதிரைகள் எல்லாம் திரும்பிவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். சந்தாப் பதிவு மென்பொருளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பைதன் நிரல்மொழியில், திரையில் பட்டன், பெட்டிகளைக் காட்டும் டிகின்டர் தொகுதி கொண்டு எழுதியது அது. நிலுவைப் பட்டியல், வரி வரியாகக் காட்டும் லிஸ்ட்பாக்ஸ் பெட்டியில் இருந்தது. பெயர், லய (தோட்டத்து வரிசைவீட்டு) இலக்கம், தொகை மூன்றும் ஒரே வரியில் ஒட்டிக் கிடக்கும். சம்பள நாள் மாலை, வரிசை வாசல்வரை நிற்கையில், ஓர் ஐயா கட்டிய சந்தாவை அடுத்த லயத்தில் இருக்கும் அதே பெயர்க்காரரின் கணக்கில் பதிந்துவிட்டேன். மறுமாதம் அவர் ரசீதை நீட்டியபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகே, டிகின்டரின் புதிய பாகங்களின் தொகுதியான டிடிகேக்கு மாறினோம். டிகின்டருக்கு அடிப்படையான டிகே கருவியின் 8.5 பதிப்போடு 2007 இல் வந்தது அது. பைதனோடு கூடவே கிடைப்பதால் செலவில்லை. அதிலுள்ள ட்ரீவியூ பெயர், லயம், நிலுவை என்று நெடுவரிசையாகப் பிரித்துக் காட்டும். கணினி படிக்கும் தம்பி, டிகின்டரை நிரலுக்குள் அழைக்கும் இறக்குமதி (import) வரியின் கீழே, ‘எல்லாவற்றையும் எடு’ என்னும் நட்சத்திரக் குறியோடு டிடிகே இறக்குமதி வரியைச் சேர்த்தார். பட்டன், லேபல், என்ட்ரி எல்லாம் அந்த ஒற்றை வரியில் புதியவை ஆகிவிடும். நிரலை ஓட்டினால், பின்னணி நிறத்தைக் குறிக்கும் ‘பிஜி’ என்ற விருப்பமே தெரியாது என்று நின்றுவிட்டது. பழைய பட்டனில் நிறத்தை நேரே எழுதலாம். டிடிகேயில் அதை ஸ்டைல் என்ற தோற்ற வரையறையில்தான் வைக்க வேண்டும். வைத்தும், விண்டோஸின் சொந்தத் தோற்றத்தில் பட்டனின் பின்னணி மாறவில்லை. டிடிகேயின் ‘கிளாம்’ என்ற வேறு தோற்றத்துக்குப் போன பிறகே சிவப்பு வந்தது. நிலுவை வரிகளுக்கு டேக் என்ற அடையாளம் போட்டுச் சிவப்பாக்கினோம். கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாத பொருளாளர் அக்காவுக்கு அந்த நிறம்தான் துணை.

குறிப்பு எழுதும் டெக்ஸ்ட் பெட்டிக்கு டிடிகேயில் மாற்று இல்லை, அது பழையதாகவே இருக்கிறது. எது பழையது, எது புதியது என்று நிரலைப் பார்த்தவுடன் தெரிய, நட்சத்திர இறக்குமதியை நீக்கி ஒவ்வொன்றையும் அதனதன் தொகுதிப் பெயரோடு எழுதத் தம்பிக்கு அனுமதி கேட்கிறேன்.

சந்தாக் கொப்பியையும் விடாமல் எழுதி வருகிறோம். வரும் சம்பள நாளிலிருந்து, பணம் கட்டுபவர் தம் பெயரையும் லய இலக்கத்தையும் திரையில் பார்த்த பின்னரே ரசீது வெட்டப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்