சத்துணவுக்கூடத்துச் சாரையும் குட்டைத் தவளைகளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாம்பை அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் போனபோது ஆறடி நீளத்துக்கு மண்ணில் கிடந்தது. சாரை. நடுவயிறு புடைத்திருந்தது, நம் அரிசி மூட்டையை ஓட்டை போடும் எலிகளில் ஒன்றைத்தான் விழுங்கியிருக்க வேண்டும். "சாரைக்கு விஷமே கிடையாதுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் ஏன் அடிச்சாங்க?" என்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நடமாடும் இடமாயிற்றே என்ற பதற்றம்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் பயப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்தில் சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி என்று கண்ணில் படுவதெல்லாம் சாகிறது. பாம்பைக் கண்டால் தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நீங்களும் கம்பைத் தேடாமல் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கும் பாம்பின் விஷம்தான் மூலப்பொருள். அதை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடியினர். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் திரும்பவும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கியபோது நம் பள்ளியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தோம்.

அப்புறம், தலைப்பிரட்டை, அதாவது தவளைக் குஞ்சு விஷயம். மழை பெய்ததும் பின்பக்கக் குட்டையிலிருந்து பிள்ளைகள் அவற்றைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து அன்றைக்கே திரும்ப விடச் சொல்லுங்கள். தவளை தோலாலும் மூச்சுவிடும், தண்ணீரையும் தோல் வழியாகத்தான் உறிஞ்சும். அதனால் வயலில் அடிக்கும் பூச்சிமருந்து நேரே அதன் உடம்புக்குள் போய்விடுகிறது. கழிவறை கழுவிய பினாயில் தண்ணீரைக் குட்டைப் பக்கம் ஊற்றக் கூடாது என்று இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போகிறோம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். உடன் வர முடிந்த பெற்றோர் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை