ரீயோட் அலேமுவின் விருதுகளுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எத்தியோப்பியப் பத்திரிகையாளர் ரீயோட் அலேமு பற்றிய கட்டுரையைப் படித்தேன். இவரைப் பற்றித் தமிழில் எழுத உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் 2012-இல் சர்வதேசப் பெண்கள் ஊடக அறக்கட்டளையின் துணிச்சல் விருது, 2013-இல் யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ பத்திரிகைச் சுதந்திர விருது என்று அடுக்கிவிட்டு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபடியே 'ஃபெத்தே' பத்திரிகையில் பத்தி எழுதியவர் அவர். 2011-இல் நீல நைல் நதியில் பிரமாண்டமான அணை கட்டப்போவதாக அறிவித்த அரசு, அதற்குக் கடன் பத்திரம் விற்று, அரசு ஊழியர்களின் சம்பளத்திலிருந்தும் பணம் திரட்டியது. அந்த வசூலை விமர்சித்து எழுதினார், பிரதமர் மெலஸ் ஜெனாவியை லிபியாவின் கடாஃபியோடு ஒப்பிட்டும் எழுதினார், ஜூன் மாதமே கைது. என்ன வழக்கு தெரியுமா? 2009-இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு! பத்தி எழுதிய ஆசிரியைக்கு 14 வருஷம். மேல்முறையீட்டில் அது 5 ஆனது.

கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான்: மற்ற பத்திரிகையாளர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் மன்னிப்பு உண்டு என்று அவரிடம் பேரம் பேசினார்கள். முடியாது என்றார். அதற்குத் தண்டனையாகத் தனிமைச் சிறையில் அடைத்தார்கள். மார்பில் கட்டி வேறு, கலிட்டி சிறையில் ஒழுங்கான வைத்தியமும் கிடைக்கவில்லை. முப்பதைத் தாண்டியிருந்த அந்த வயதில், தலையை ஆட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இந்த ஒன்றைச் சொல்லாமல் விருதை மட்டும் சொன்னால் வாசகருக்கு என்ன புரியும்?

இரண்டு விருதுகளும் அவர் சிறையில் இருந்தபோது வந்தவை. 2015 ஜூலை 9 அன்று விடுதலையானார், அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வருவதற்குச் சில வாரம் முன்னால். அந்தப் பயணம் இல்லாதிருந்தால் அப்போது விட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், இதே வழக்கில் அவரோடு 14 வருஷத் தண்டனை பெற்ற 'அவ்ராம்பா டைம்ஸ்' துணை ஆசிரியர் வுப்ஷெட் தாயே 2018 வரை உள்ளே இருந்தார். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அடுத்த இதழ்களில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி