ஸ்பானிய மொழியின் ஆண்பாலும் பெண்பாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் இணையவழியாக ஸ்பானிய மொழி பயிலும் இளைஞர்கள் பெரிதும் தடுமாறுவது பெயர்ச்சொற்களின் பாலிலேதான். உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால் வகுத்த இலக்கணத்தில் வளர்ந்தவர்களுக்கு, புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால் என்பது விந்தையாகவே படும். ‘ஓ’வில் முடிவது ஆண்பால், ‘ஆ’வில் முடிவது பெண்பால் என்ற விதி பெரும்பாலும் பொருந்துமாயினும், கையைக் குறிக்கும் ‘மானோ’ பெண்பாலாகவும், நாளைக் குறிக்கும் ‘தியா’வும் சிக்கலைக் குறிக்கும், கிரேக்க வழிவந்த ‘ப்ரொப்லேமா’வும் ஆண்பாலாகவும் நிற்கின்றன. தண்ணீராகிய ‘அக்வா’வோ ஒருமையில், ஆண்பாற் பெயர்முன் வரும் ‘எல்’ என்னும் சார்புச்சொல்லை ஏற்றும் பெண்பாலே (இதனைத் தொடக்க வகுப்பில் புகுத்துவது கொடுமை). ஆகவே, வெறும் பட்டியலை மனனம் செய்விக்காது, ஒவ்வொரு பெயரையும் முன்வரும் ‘எல்’ அல்லது பெண்பாலுக்குரிய ‘லா’வுடன் சேர்த்தே பழக்குமாறு பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; பெயரடையும் அப்பாலுக்கேற்பவே பெரும்பாலும் மாறுகிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.